ஓட்ஸ் குழைந்து வரவேண்டும்

மகனே,

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நீ, "அப்பா, வயித்துல டியூப் வைக்க சரின்னு சொல்லுங்கப்பா" என்று கெஞ்சினாய். நான் தலையை ஆட்டினேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நீ இங்கே ஆஸ்பத்திரியில் பேசி, அங்கே லீவுக்கும் சொல்லிவிட்டாய் என்று அம்மா சொன்னாள். அது சம்மதம் இல்லை. என் கழுத்து இப்போதெல்லாம் நிற்கவேண்டிய இடத்தில் நிற்பதில்லை. முன்னால் சரிகிறது, நான் இழுத்து நிமிர்த்துகிறேன், மறுபடி சரிகிறது. பார்க்கிறவர்களுக்கு நான் எல்லாவற்றுக்கும் சரி சரி என்கிற மாதிரி இருக்கிறது. எதற்கும் லேசில் தலையாட்டாத மனிதன் என்று துறைமுகம் ரோடு முழுக்கப் பெயர் வாங்கியவன் நான். இப்போது காய்கறிக்காரி வாசலில் வந்து கேட்டாலும் ஆட்டுகிறேன். அடுக்களையில் கத்தரிக்காய் குவிந்து கிடக்கிறது.

வாய் போய்விட்டது உனக்குத் தெரியும். கை இன்னும் சொன்னதைக் கேட்கிறது. ஆனால் வலது கட்டைவிரல் பேனாவை விட்டுவிடப் பார்க்கிறது. இது எப்படித் தொடங்கும் என்பது எனக்குப் பழகிவிட்டது. அதனால் கையும் போவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரே மூச்சில் எழுதியது இல்லை. அங்கங்கே எழுத்து சாய்ந்து கிடந்தால் அது களைப்புதான், அழுதுகொண்டே எழுதினார் என்று நீயாகக் கற்பனை செய்துகொள்ளாதே. எனக்கு நம்பிக்கை எதுவும் மிச்சமில்லை, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புது மருந்து வரும், எங்கோ ஒருவருக்குச் சரியாகிவிட்டதாம் என்று யாரும் எனக்கு ஆறுதல் சொல்லவேண்டாம். உனக்கு நான் சொல்லித் தரவேண்டியது ஒன்றுதான். அந்தக் கரண்டு குக்கரில் ஓட்ஸை எப்படிக் குழைவாக வேகவைப்பது என்பது. சிரிக்காதே. கடைசிவரை படித்துவிட்டு அப்போதும் சிரிப்பு வந்தால் சிரி.

ஓட்ஸ் எனக்குப் புதுச் சரக்கு இல்லை. துறைமுகத்துக்குள் வந்து நிற்கிற கப்பல்களுக்கு அரிசி, வெங்காயம், முட்டை, சோப்பு என்று ஏற்றி அனுப்பிய கடை நம்முடையது. வெளிநாட்டுக் கப்பல் என்றால் ஓட்ஸ் கேட்காமல் இருக்கமாட்டார்கள். நான் அதைக் கீழ்த்தட்டில்தான் வைத்திருப்பேன். "குதிர திங்கதத் துட்டு குடுத்து வாங்குதானுவ பாரு" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பேன். அதில் உடைத்த ஓட்ஸ் என்று ஒரு வகை உண்டு. கோதுமை ரவையைவிடப் பெரிதாக, கடினமாக இருக்கும். தகர டப்பாவில் வரும். டப்பாவின் மேல் அயர்லாந்து என்று போட்டிருக்கும். அப்படி ஒரு நாடு இருப்பதே எனக்கு அந்த டப்பாவைப் பார்த்துத்தான் தெரியும். என் ஒரே பிள்ளை பின்னால் அங்கே போய்க் குடியிருப்பான் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் டப்பாவை மேல்தட்டில் வைத்திருப்பேன்.

ஒரு தடவை டப்பா நசுங்கியிருக்கிறது என்று ஒரு கப்பலிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீணாக்குவானேன் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உன் அம்மா உலை வைத்து, அரிசியைக் களைவதுபோல் களைந்து போட்டு, கொதித்ததும் தட்டை வைத்து மூடிச் சோறு வடிக்கிற மாதிரி பானையைச் சாய்த்துவிட்டாள். ஒன்றும் வடியவில்லை. கவிழ்த்தாலும் விழவில்லை. "இது சோறா பசையாங்க? இதத் திங்கவா கப்பல்ல ஊரு ஊராப் போறானுவ?" என்று அவள் கரண்டியால் தோண்டிக்கொண்டிருக்கும்போது நீ ஓடிவந்து ஒரு உருண்டையை அள்ளிக்கொண்டுபோய்ப் பட்டம் ஒட்டினாய். கடற்கரைக் காற்றுக்கு அந்தப் பட்டம் பிரியாமல் நின்றது. "திங்க ஆகாது, பட்டம் ஒட்ட ஆகும்" என்று நான் தெரு முழுக்கச் சொல்லி மானத்தை வாங்கினேன், அம்மா என்னோடு பேசாமல் இருந்தாள். இப்போது மூன்று வேளையும் எனக்கு அந்தப் பசைதான்.

நோய் முதலில் நாக்குக்கு வந்தது. போனில் சரக்கு சொல்லும்போது சொல் வழுக்கியது. கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் பையன் ஒருவன், "என்ன அண்ணாச்சி, காலையிலயே போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். வாழ்நாளில் தொட்டதில்லை. அவனைத் திட்டவேண்டும் என்று வாயைத் திறந்தேன், திட்டும் குழறியது. அவன் இன்னும் சத்தமாகச் சிரித்தான். அப்புறம் பல் டாக்டரிடம் காட்டினேன், காது டாக்டரிடம் காட்டினேன், தலையை ஸ்கேன் எடுத்தார்கள், மதுரைக்குப் போனோம். அங்கே ஒரு டாக்டரம்மா, உன் வயதுதான் இருக்கும், ஒளிக்காமல் சொன்னார். நரம்பு சாகிறது, நாக்கிலும் தொண்டையிலும் தொடங்கியிருக்கிறது, மெல்ல மற்ற இடங்களுக்கும் போகும், திரும்பி வராது. எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது. விலையை ஒரே விலையாகச் சொல்கிற ஆள்.

அவர்தான் சொன்னார்: "ஐயா, இனிமே உங்களுக்குத் தண்ணிதான் ஆபத்து. தண்ணி வேகமா ஓடும். அந்த வேகத்துக்கு உங்க தொண்டையால மூட முடியாது, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். சோறு, இட்லி மாதிரி உதிர்ற சாப்பாடும் வேண்டாம். கெட்டியா, குழைவா, ஒரே பதமா இருக்கணும்." நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை. நம் ஊரில் உடம்புக்கு முடியாதவருக்குக் கொடுப்பது எல்லாமே தண்ணீர்தானே. கஞ்சித் தண்ணி, இளநீர், சீரகத் தண்ணி, ஒன்றுமில்லை என்றால் ஒரு சோடா. எவ்வளவு முடியவில்லையோ அவ்வளவு தண்ணீராகக் கரைத்துக் கொடுப்போம். என் தொண்டைக்கு அந்தப் பாசம் முழுவதும் விஷமாகிவிட்டது. பார்க்க வருகிற ஒவ்வொருவரும் கையில் ஏதாவது ஒரு தண்ணீரோடுதான் படியேறுகிறார்கள்.

அப்படித்தான் என் ஒன்றுவிட்ட அண்ணன், உன் ஓட்டப்பிடாரத்துப் பெரியப்பா வந்தார். தள்ளாத வயதில், இரண்டு பஸ் மாறி, தூக்குச்சட்டி நிறையப் பதநீரோடு வந்தார். "ஏலே, விடியக்காலம் மரத்துலருந்து எறக்குன பயினி. உனக்குன்னே நின்னு வாங்கியாந்தேன். ஒரு மடக்கு குடி, நெஞ்செல்லாம் குளுந்துரும்" என்றார். அம்மா, "கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காவ அத்தான்" என்று மெல்ல இழுத்தாள். "டாக்டரம்மாவுக்குப் பயினியப் பத்தி என்ன தெரியும் தாயி? பச்சப் புள்ளைக்கே குடுக்கமே" என்றார் அவர். பேச்சு போனதிலிருந்து பக்கத்தில் வைத்திருக்கிற சிலேட்டை எடுத்து வேண்டாம் என்று நான் எழுதியிருக்கலாம். அவருடைய சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. அந்த வெயிலில் ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுவந்திருக்கிறார். ஒரு வாய்தானே என்று குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. அடுத்த நிமிஷம் எனக்கு மூச்சு இல்லை.

அதன் பிறகு காய்ச்சல், நெஞ்சுச் சளி, ஆஸ்பத்திரி, மூக்கில் ஆக்சிஜன் என்று நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும், நீ பதறிக்கொண்டு வந்தாய். ஆனால் நீ வருவதற்கு முன்பு நடந்தது உனக்குத் தெரியாது. நான் படுத்திருந்த அறைக்கு வெளியே பெரியப்பா அந்தக் காலித் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். யார் கூப்பிட்டும் உள்ளே வரவில்லை, யார் சொல்லியும் ஊருக்குப் போகவில்லை. நான் பிழைத்துவிட்டேன் என்று சொன்ன பிறகு எழுந்துபோனவர் அதன் பிறகு நம் வாசல் பக்கம் வரவே இல்லை. ஆள் விட்டேன், வரவில்லை. நீ வரும்போது ஒரு நாள் ஓட்டப்பிடாரம் போய் அவரைப் பார். என் பெயரைச் சொல்லி ஒரு செம்பு பதநீர் வாங்கிக் குடி. அவர் கண் முன்னால் குடிக்கவேண்டும், தெரிகிறதா? அது போதும் அவருக்கு.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகுதான் அந்தக் கரண்டு குக்கர் பெட்டியைப் பிரித்தோம். அதற்கு முந்தின தடவை வந்தபோது நீ வாங்கிக் கொடுத்தது. பீரோவின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது, அதன் மேல் அம்மா போர்வைகளை மடித்து வைத்திருந்தாள். நீ போனில் சொன்னாய், அங்கே நீயும் காலையில் இதைத்தான் இதே மாதிரி குக்கரில் வைத்துத் தின்கிறாய் என்று. எனக்கு அது பெரிய செய்தியாக இருந்தது. குதிரைத் தீனியைத் தின்னவா இத்தனை செலவு செய்து படிக்க வைத்தேன் என்று சிலேட்டில் எழுதி அம்மாவிடம் காட்டினேன். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்கு ஒரு நாள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவளுடையது மட்டும், எனக்கு இப்போது சிரிப்புக்கும் அழுகைக்கும் ஒரே சத்தம்தான் வருகிறது.

முதல் நாள் ஓட்ஸையும் தண்ணீரையும் ஊற்றி மூடி, பட்டனை அழுத்திவிட்டு அவள் அடுக்களை வாசலில் காவல் நின்றாள். பருப்புக்கு இத்தனை விசில், கறிக்கு இத்தனை விசில் என்று காதால் சமைத்தவள். இது வாயே திறக்கவில்லை. "ஏங்க, விசிலே வரலியே. உங்க மவன் ஏமாந்து வாங்கிட்டானோ?" என்றாள். விசில் கிடையாது என்று எழுதிக் காட்டினேன். "அப்போ வெந்திருச்சுன்னு யாரு சொல்லுவா?" என்றாள். நானும் அவளும் அந்தப் பெட்டியைப் பார்த்தபடி நின்றோம். கடைசியில் அவளுக்குப் பொறுமை போய், கரண்டிக்காம்பால் மேலே உள்ள ஆவி மூடியைத் தட்டிவிட்டாள். பொங்கிய நுரையும் ஓட்ஸுமாகப் பீய்ச்சி அடித்தது. சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் முருகனுக்கு முகமே தெரியவில்லை. அன்றிலிருந்து அவள் அதன் பக்கத்தில் போவதில்லை. என் ஓட்ஸை நானே வைத்துக்கொள்கிறேன். நேற்று மூடியைத் திருப்ப முடியாமல் நின்றேன். அம்மா முந்தானையால் பிடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடினாள்.

இனி நான் சொல்வதை நன்றாகக் கேள். பாத்திரத்தின் உட்புறம் முழுக்க நெய் தடவு, விளிம்புவரை. நெய் இருந்தால் நுரை அடங்கும், அடியிலும் பிடிக்காது. உடைத்த ஓட்ஸ் ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு. டப்பாவில் மூன்று என்றுதான் போட்டிருக்கும், அது பல்லும் நாக்கும் உள்ளவர்களுக்கு. ஒரு சிட்டிகை உப்பு. பாத்திரத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது. மூடியைத் திருப்பி, ஆவி வழியை அடைத்து, பிரஷரில் கால் மணி நேரம் வை. அது ஒன்றும் சொல்லாது, நீயும் ஒன்றும் கேட்காதே. முடிந்ததும் 'பீப்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அப்போதும் ஆவியைத் திறந்துவிடாதே. மூடியில் ஒரு சின்னக் குமிழ் மேலே நிற்கும், உள்ளே ஆவி அடங்கியதும் அது தானாகக் கீழே விழும். அதுவரை பொறுத்திரு. அம்மாவும் நானும் தோற்றது இந்த இடத்தில்தான்.

திறந்ததும் பார்த்தால் உனக்குச் சப்பென்று ஆகும். மேலே தண்ணீர் நிற்கும், அடியில் ஓட்ஸ் கிடக்கும். கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதே, நான் முதலில் இரண்டு தடவை கொட்டினேன். அடியிலிருந்து மேலாகக் கிண்டி, மறுபடி மூடி, சும்மா விடு. தண்ணீரை அது தானே இழுத்துக்கொண்டு குழையும். பிறகு காய்ச்சிய பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிண்டு. மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு, வடிகட்டியில் கரண்டியால் தேய்த்து வடி. சின்ன உமி ஒன்று இருந்தாலும் எனக்கு அரை மணி நேரம் இருமல். கருப்பட்டியைத் தனியே கரைத்து, மண் போக வடிகட்டி வை. ஓட்ஸ் விரல் பொறுக்கிற சூட்டுக்கு வந்த பிறகுதான் அதைச் சேர்க்கவேண்டும். கொதிக்கக் கொதிக்கச் சேர்த்தால் பால் திரியும். திரிந்தால் நீர் தனியே பிரியும். அந்த நீர்தான் எனக்கு எமன்.

கடைசியாக ஒரு முள்கரண்டியில் அள்ளிப் பிடித்துப் பார். முள்ளுக்கு இடையில் ஒழுகினால் ஆகாது. கரண்டியைச் சாய்த்தால் மொத்தமாக நழுவி விழவேண்டும், சொட்டக்கூடாது, ஒட்டிக்கொண்டும் நிற்கக்கூடாது. டாக்டரம்மா சொல்லிக் கொடுத்த பரீட்சை இது. சரக்கின் பதம் பார்ப்பது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இவ்வளவு செய்து அதைச் சாப்பிடுவது எப்படி என்கிறாயா? நிமிர்ந்து உட்கார்ந்து, அரைக் கரண்டி நாக்கின் நடுவில் வைத்து, தாடையை நெஞ்சோடு சேர்த்துக் குனிந்து விழுங்கவேண்டும். ஒரு முறை விழுங்கியது போதாது, மறுபடி ஒன்றுமில்லாமல் விழுங்கவேண்டும். பிறகு இளைப்பாறவேண்டும். தொடங்கும்போது சூடாக இருக்கிற கிண்ணம் முடியும்போது ஆறி அவலாகிவிடுகிறது. முன்பு ஒரு கிண்ணம் இறங்கியது, பிறகு முக்கால், இப்போது பாதிக்கே மூச்சு வாங்குகிறது. என் வேட்டியை அம்மா ஒரு சுற்று அதிகமாகச் சுற்றிக் கட்டிவிடுகிறாள். இதில் முன்னேற்றம் என்று ஒன்று இல்லை மகனே. நான் எவ்வளவு நன்றாகக் கிண்டினாலும், எவ்வளவு குழைவாக வந்தாலும், ஒரு நாள் இதுவும் இறங்காது. அது தெரிந்துதான் தினமும் காலையில் நெய் தடவுகிறேன்.

ருசி மட்டும் போகவில்லை. அதுவும் போயிருந்தால் இவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அம்மா வீட்டில் மீன் வாங்குவதையே நிறுத்திவிட்டாள். தனக்கு ரசமும் துவையலும் போதும் என்றாள். ஒரு நாள் நான் சிலேட்டில் "சாளை வாங்கு, குழம்பு வை" என்று எழுதினேன். "உங்களால திங்க முடியாதத நான் எப்படிங்க உங்க முன்னால வச்சுத் திங்கேன்?" என்றாள். நான் சிலேட்டை மேஜையில் ஓங்கி அடித்தேன், அதில் விரிசல் விட்டுவிட்டது. கடைசியில் வைத்தாள். புளியும் மிளகாயும் கொதிக்கிற வாசனை முன்னறைவரைக்கும் வந்தது. அவளை என் எதிரில் உட்கார வைத்துச் சாப்பிடச் சைகை காட்டினேன். அவள் அழுதுகொண்டே சாப்பிட்டாள், நான் பார்த்துக்கொண்டே என் ஓட்ஸை விழுங்கினேன். அன்றைக்கு மட்டும் மறுபடி கிண்ணம் முழுவதும் இறங்கியது. நான் போன பிறகு அவள் மறுபடி மீனை நிறுத்திவிடுவாள். நிறுத்தவிடாதே.

உன் டியூப் விஷயத்துக்கு வருகிறேன். டாக்டரம்மா இரண்டு பக்கமும் சொன்னார். வைத்தால் சாப்பாடு நேராக வயிற்றுக்குப் போகும், உடம்பு இளைப்பது குறையும், இன்னும் கொஞ்ச காலம் கிடைக்கலாம், வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறவர்களும் உண்டு என்றார். ஆனால் நோய் அதுபாட்டுக்கு நடக்கும் என்றும் சொன்னார். முடிவு உங்களுடையது ஐயா என்றார். இந்த நோய் வந்த பிறகு என்னிடம் முடிவு கேட்ட ஒரே ஆள் அவர்தான். நான் பல நாள் யோசித்தேன். கிடைக்கப்போகிற காலத்தில் என் கை இருக்காது, கால் இருக்காது, எழுதிக் காட்டவும் வழி இருக்காது. படுக்கையில் கிடந்து உன் அம்மா தூங்காமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்கு எனக்குத் தைரியம் இல்லை. இது வைராக்கியம் என்று நினைக்காதே, பயம்தான். வாயால் ஒரு கரண்டி இறங்குகிறவரைக்கும் இருக்கிறேன், பிறகு போகிறேன். இதை நீ ஒப்புக்கொள்ளவேண்டும். ஒப்புக்கொள்வது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துதான் கேட்கிறேன். எடுத்த லீவை ரத்து செய்யாதே. டியூப்புக்கு எடுத்த லீவை ஓட்ஸுக்கு வைத்துக்கொண்டு உடனே வா, என் கை இருக்கும்போதே பக்கத்தில் நின்று ஒரு தடவை வைத்துப் பழகிக்கொள்.

ஏன் உன்னைப் பழகச் சொல்கிறேன் என்பதுதான் இந்தக் கடிதம். தாத்தா போன நாள் உனக்கு நினைவிருக்கும். நீ அரைக்கால் டவுசர் போட்டுக்கொண்டிருந்த வயது. மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது, சொந்தபந்தம் எல்லாம் வரிசையில் நின்று ஒரு கரண்டி பால் ஊற்றினோம். மகன் என்பதால் முதல் கரண்டி என்னுடையது. பேரன் என்று உன் கையையும் பிடித்து ஊற்ற வைத்தோம். தாத்தா தொண்டையில் களகளவென்று ஒரு சத்தம் கேட்டது, முகம் ஒரு பக்கமாகக் கோணியது. அத்தை, "எறங்கிட்டு, எறங்கிட்டு, பேரன் கைப் பாலு எறங்கிட்டு" என்று சொல்லி அழுதாள். எல்லோருக்கும் ஒரு திருப்தி. அது இறங்கவில்லை மகனே. அது எங்கே போயிற்று, எப்படி இருந்திருக்கும் என்று பதநீர் குடித்த அன்றைக்கு எனக்குத் தெரிந்துவிட்டது. யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. பாசத்தோடுதான் ஊற்றினோம், நமக்கு வேறு எதுவும் தெரியாது. ஆனால் எனக்கு அப்படிப் போகப் பயமாக இருக்கிறது. சாவுக்குக்கூட அவ்வளவு பயமில்லை, அந்தப் பாலுக்குப் பயமாக இருக்கிறது.

முந்தாநாள் காலையில் சாமி அலமாரியைப் பார்த்தேன். காசிக்குப் போயிருந்தபோது வாங்கிவந்த கங்கைச் செம்பு, கருத்துப்போய் மூலையில் கிடக்குமே, அதை அம்மா புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று முன்னால் எடுத்து வைத்திருந்தாள். பக்கத்தில் உனக்குச் சங்கில் பால் புகட்டிய காலத்து வெள்ளிக் கரண்டியும் இருந்தது. என்னைப் பார்த்ததும், "வெள்ளிக்கெழமைல்லா, அதான் தேச்சேன்" என்றாள். அன்றைக்குப் புதன்கிழமை. நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டல் மட்டும் கழுத்து சரிந்ததால் வந்தது இல்லை.

அவளை நான் தடுக்கமாட்டேன். உன் கையால் பாலும் கங்கையும் தொண்டையை நனைத்தால்தான் நான் போகிற இடத்துக்கு ஒழுங்காகப் போவேன் என்று அவள் நம்புகிறாள். இத்தனை வருஷம் எனக்குச் சோறு போட்டவள் கடைசியில் கேட்கிற ஒன்று அதுதான். அதை வேண்டாம் என்று எழுதிக் காட்ட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் எனக்குப் புரையேறக்கூடாது. இரண்டு நாளாக யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன், பேரம் பேசிப் பழகிய புத்தி இதற்காவது உதவட்டும். அந்தச் செம்பு ஈயம் வைத்து அடைத்தது, ஆணி வைத்துக் குத்தினால்தான் திறக்கும். ஓட்ஸுக்கு அளந்து வைத்த தண்ணீரில் ஒரு கரண்டியை எடுத்துவிட்டு, அந்த ஒரு கரண்டிக்குக் கங்கையை ஊற்று. கூட ஊற்றாதே, பதம் தளர்ந்துவிடும். வெந்த பிறகு பாலும் எப்போதும்போல அதிலேயே சேர்ந்துவிடும். கருப்பட்டியும் கொஞ்சம் போடு, வெறும் வாயோடு போகவேண்டாம். கங்கையும் உள்ளே, பாலும் உள்ளே, வைத்தது உன் கை. அந்த வெள்ளிக் கரண்டியிலேயே எடு. அம்மா நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் குறை ஒன்றும் தெரியாது.

அரைக் கரண்டி போதும். அதுவும் உள்ளே போகாது என்று தெரிந்தால் வற்புறுத்தாதே, உதட்டில் தடவிவிடு, ருசி எனக்குத் தெரியும். மீதியை அம்மாவுக்கு ஒரு கிண்ணத்தில் கொடு, நீயும் சாப்பிடு. பட்டம் ஒட்டியதற்குப் பிறகு நம் வீட்டு ஓட்ஸை நீ தொட்டதே இல்லை.

சுற்றி நிற்கிறவர்கள், "ஏலே, என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்க, பால ஊத்துலே, நேரமாவுதுல்லா" என்று உன்னை விரட்டுவார்கள். விரட்டட்டும். அவர்களுக்காக ஆவியைத் திறந்துவிடாதே. குமிழ் தானாக விழட்டும், அடியிலிருந்து நன்றாகக் கிண்டு, கரண்டியைச் சாய்த்துப் பார். சொட்டினால் இன்னும் கொஞ்சம் பொறு. முடிந்தவரைக்கும் நானும் பொறுத்திருக்கிறேன்.

உன் அப்பா